மணலில் எழுதிய கணக்கு

ஸ்ரீபெரும்புதூர் என்றால் சிலருக்கு ராமாநுஜர் ஞாபகத்துக்கு வருவார். சிலருக்கு 1991-ஆம் வருஷத்து மே மாதம் ஞாபகத்துக்கு வரும். என் மைத்துனனுக்கு ஷிப்டு நேரம்தான் ஞாபகம் வரும். அவனிடம் நான்கு வேன்கள் இருக்கின்றன. ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை என்று அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதும், திரும்ப அழைத்து வருவதுமாக அவை இரவு பகல் ஓடிக்கொண்டே இருக்கும்.

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் பனிமூட்டத்தில் வந்துகொண்டிருந்த வேனை ஒரு கன்டெய்னர் லாரி உரசிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. உள்ளே இருந்த ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. வண்டியின் வலது பக்கம் அப்பளமாயிற்று. லாரிக்காரர், "வேன்தான் உள்ளே நுழைந்தது" என்றார். எங்கள் டிரைவர், "லாரிதான் ஒதுங்கியது" என்றார். பனியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஆனால் டிரைவர் கலங்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது மனிதர், வாலாஜாபாத் பக்கம். "கண்ணாடியிலே காமிரா இருக்குதுங்க ஸார், அது சொல்லும்" என்றார். அதுவும் வாஸ்தவந்தான். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்தச் சின்னக் காமிரா அப்போதும் சிவப்புக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்த நகத்தளவு அட்டையை எடுத்து ஸ்டேஷனில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். கடைசியாகப் பதிவாகியிருந்த காட்சி இருபத்துமூன்று நாளுக்கு முந்தியது. வல்லம் சாலையில் நாலைந்து மாடுகள் குறுக்கே நிற்கின்றன. ஹாரன் சத்தத்துக்கு ஒரு மாடு சாவகாசமாகத் திரும்பிப் பார்க்கிறது. அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

"ஓடிக்கிட்டுதாங்க இருந்துச்சு. சிவப்பு வெளக்கு எரிஞ்சுதுங்களே!" என்று டிரைவர் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காமிராவை அவர் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார் என்று என் மைத்துனன் முடிவு கட்டினான். ரிப்பேர் செலவில் பாதியைச் சம்பளத்தில் பிடிப்பது என்றும் தீர்மானமாயிற்று.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் என் தங்கை பிள்ளை வேலை பார்க்கிறான். வண்டிகளின் முன்பலகையில் வேகமும் தூரமும் காட்டும் கருவிக்கு உள்ளே இருக்கும் மூளையைத் தயாரிப்பது அவன் தொழில். பொங்கலுக்கு வந்திருந்தபோது அவனிடம் இந்த மாட்டுக் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"அட்டை தேய்ந்து போயிருக்கும், மாமா" என்றான்.

"ஏண்டா, அது என்ன செருப்பா, தேய்வதற்கு?"

"செருப்பை விட மோசம். செருப்பு தேய்ந்தால் காலுக்குத் தெரியும்."

எழுதி எழுதியே ஒரு பலகை தேய்ந்து போகிறது என்றால், எழுத்தைக் கொண்டு பிழைக்கிறவனுக்கு அதில் அக்கறை வராமல் இருக்குமா? அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். படித்ததில் பாதி என் தாத்தாவின் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது.

தாத்தா முதலில் எழுதியது மணலில். விரலால் 'அ' என்று எழுதுவார். வாத்தியார் பார்த்ததும் உள்ளங்கையால் ஒரு தடவு. மணல் மறுபடியும் வெள்ளையாகிவிடும். ஓலை ரொம்பப் பிற்பாடு. ஓலையில் எழுத்தாணியால் கீறினால் கீறினதுதான்; அழிக்க முடியாது. இந்த மணல் வித்தையைச் சென்னையில் பார்த்து அசந்துபோனவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789-ல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் விடுதியின் மேற்பார்வையை அவர் ஏற்றுக்கொண்டார். நம் பக்கத்துப் பிள்ளைகள் மணலைப் பரப்பி எழுதிப் பழகுவதைக் கண்டதும், காகிதமும் மையும் வாங்கப் பணமில்லாத தம் பள்ளியிலும் அதையே செய்தார். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கும் முறையையும் அதோடு சேர்த்து, 1797-ல் லண்டனில் ஒரு புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. மணலுக்கு நாம் ராயல்டி கேட்கவில்லை.

இன்றைக்கு உலகம் எழுதுவதும் மணலில்தான். மணலில் இருப்பது சிலிக்கா, கண்ணாடியும் அதுதான். ஸ்ரீபெரும்புதூரில் செயிண்ட் கோபெய்ன் கம்பெனி 2000-ஆம் வருஷத்திலிருந்து கண்ணாடித் தகடு வார்க்கிறது. ஆள் உயரத் தகடுகள். அதே சிலிக்காவை ஒரு தலைமயிரின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு மெல்லியதாகப் படியவிட்டால், அதுதான் ப்ளாஷ் மெமரி என்ற நினைவுச் சில்லின் உயிர்நிலை. அந்தக் கண்ணாடிப் படலத்துக்கு அப்பால் ஒரு குட்டி அறை. சுற்றிலும் சுவர், வாசலே கிடையாது. மின்சாரத்தை ஓங்கி அழுத்தினால் எலெக்ட்ரான்கள் சுவருக்கு ஊடாகவே புகுந்து அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மின்சாரத்தை நிறுத்தினாலும் வெளியே வராது. பத்து வருஷமானாலும் அங்கேயே இருக்கும். உள்ளே ஆள் உண்டா இல்லையா என்பதுதான் எழுத்து.

1967-ல் அமெரிக்காவில் பெல் பரிசோதனைச் சாலையில் டாவன் காங், சைமன் ஸி என்ற இருவர் இந்த வாசலில்லா அறையைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் சியோலில் பிறந்தவர். மற்றவர் நான்கிங்கில் பிறந்தவர். மத்தியானச் சாப்பாட்டில் அடுக்கடுக்கான கேக்கைப் பார்த்தபோதுதான் நடுவில் இன்னோர் அடுக்கு வைத்தால் என்ன என்று தோன்றியது என்பார்கள். நம்மவர்கள் வீச்சுப் பரோட்டாவைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்காமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

எழுத முடிந்தது, அழிப்பதுதான் பெரும்பாடு. 1971-ல் இன்டெல் கம்பெனியில் டோவ் ப்ரோமன் செய்த சில்லின் தலையில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அழிக்க வேண்டுமானால் சில்லைக் கழற்றிப் புற ஊதா விளக்கின் கீழே பல நிமிஷம் காய வைக்க வேண்டும், வடகம் காய வைப்பது மாதிரி. அழிப்பதைச் சுலபமாக்கியவர் தோஷிபாவின் புஜியோ மசுவோகா. ஒவ்வோர் அறையாக அழிப்பதை விட்டு, ஒரு கும்பலையே ஒரே அடியில் அழித்துவிடுவது என்பது அவர் யோசனை. அவருடைய சகா ஒருவர் இதைப் பார்த்து, போட்டோக் காமிராவின் ப்ளாஷ் வெளிச்சம் மாதிரி இருக்கிறதே என்றாராம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1984-ல் சான் பிரான்சிஸ்கோ மகாநாட்டில் அதை அவர் வெளியிட்டார். இன்று செல்போனிலும் காமிரா அட்டையிலும் இருக்கிற 'நாண்ட்' வகையையும் 1987-ல் அவர்தான் கொடுத்தார். அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கத் தோன்றும். 2004-ல் தாம் வேலை பார்த்த கம்பெனியின் மீதே வழக்குப் போட்டார். 100 கோடி யென் கேட்டார். 2006-ல் 8 கோடி 70 லட்சம் யென்னுக்கு ராஜியாயிற்று. எழுத்தாளர் சங்கத்தில் யாராவது ராயல்டி பற்றிப் பேசினால் நான் இப்போது இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

கும்பலோடு அழிப்பதில்தான் வில்லங்கமும் இருக்கிறது. ஒரு தெருவில் 64 வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் கோலம். காலி வாசல் இருந்தால் தாராளமாகப் புதுக் கோலம் போடலாம். ஆனால் ஒரு வீட்டுக் கோலத்தில் ஒரு புள்ளியை மாற்ற வேண்டுமானால், அந்த வீட்டு வாசலை மட்டும் கழுவ முடியாது. தெரு முழுவதையும் கழுவி, 64 கோலங்களையும் மறுபடி போட வேண்டும். நாண்ட் சில்லின் நியதி இதுதான். நெடுநாள் புழக்கத்தில் இருந்த ஒரு வகையில் எழுதும் அளவு 2 கிலோபைட், அழிக்கும் அளவு 128 கிலோபைட். சரியாக 64 வீட்டுத் தெரு. ஒவ்வொரு கழுவலுக்கும் தெரு கொஞ்சம் தேய்கிறது. எலெக்ட்ரான்கள் புகுந்து புறப்பட்டு வரும்போது சில அந்தக் கண்ணாடிச் சுவரிலேயே சிக்கிக்கொள்ளும், சுவர் பழுதாகிறது. ஓர் அறையில் ஒரே பிட் வைத்த காலத்தில் சுமார் 1 லட்சம் தடவை அழித்து எழுதலாம் என்றார்கள். விலை குறைய வேண்டும் என்று ஓர் அறையில் இரண்டு பிட், மூன்று பிட் திணித்தார்கள். படி நிறைந்திருக்கிறதா, காலியா என்று மட்டும் பார்த்த இடத்தில், உரியா, உழக்கா, ஆழாக்கா என்று எட்டு அளவு பார்க்க வேண்டியதாயிற்று. கொஞ்சம் ஒழுகினாலும் கணக்குத் தப்பிவிடும். ஆயுள் சில ஆயிரமாகி, பிறகு ஆயிரத்தை ஒட்டி வந்துவிட்டது.

என் மருமகன் ஒரு பழைய உறையின் முதுகில் கணக்குப் போட்டான். காமிரா மணிக்கு ஆறேழு கிகாபைட் எழுதுகிறது. வேனில் இருந்தது 32 கிகாபைட் அட்டை. ஐந்து மணி நேரத்தில் நிறைந்துவிடும். பிறகு பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும். வேன் தினம் பத்து மணி நேரம் ஓடினால் நாளைக்கு இரண்டு தடவை, வருஷத்துக்கு எழுநூறு. அட்டை போட்டு இரண்டு வருஷமாயிற்று.

"ஆயிரத்து நானூறு தடவை, மாமா! மலிவு அட்டை. அது வாயை மூடிக்கொண்டுவிட்டது. இனிமேல் படிக்கத்தான் விடுவேன், எழுத விடமாட்டேன் என்று பூட்டிக்கொண்டிருக்கும். காமிராவுக்கு அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லித் தரவில்லை. அது விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருந்திருக்கிறது."

டிரைவர் சொன்னதும் இதேதான்.

சரி, தேயாமல் எழுத வழியே இல்லையா என்று கேட்டேன். "அதுதானே எங்கள் பிழைப்பு!" என்றான். அவன் சொன்ன வழிகளில் முதலாவது நம் மளிகைக் கடைக்காரர்களுக்குத் தெரிந்தது. கடையில் சிட்டை என்று ஒன்று, பேரேடு என்று ஒன்று உண்டு. வரவு செலவு நடக்க நடக்கச் சிட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போவார்கள், ஒன்றையும் அடிக்கமாட்டார்கள். சாவகாசமாக உட்கார்ந்து பேரேட்டுக்கு மாற்றுவார்கள். 1991-ல் கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையில் மெண்டல் ரோசன்ப்ளம், ஜான் ஆஸ்டர்ஹவுட் இருவரும் கம்ப்யூட்டரில் தகவலை வைக்க இந்தச் சிட்டை முறையை வகுத்தார்கள். அவர்கள் நினைத்தது சுழலும் காந்தத் தட்டுகளை. ஆனால் மருமகளுக்கு வாங்கிய புடவை மகளுக்குப் பொருந்தினாற்போல, அது ப்ளாஷுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தியது. பழைய இடத்தைத் தொடாமல் காலி வாசலில் மேலே மேலே எழுதிக்கொண்டு போகலாம். தெரு முழுவதும் பழங்கோலமானபின் ஒரே தடவை கழுவலாம். 1999-ல் ஸ்வீடனில் லுண்ட் நகரத்து ஆக்ஸிஸ் கம்பெனி இப்படி ஒன்று செய்து ஜே.எப்.எப்.எஸ். என்று பெயரிட்டது. 2001-ல் டேவிட் உட்ஹவுஸ் அதைத் திருத்தி இரண்டாம் பதிப்புக் கொண்டுவந்தார். அதில் ஒரு குறை: கருவியை எழுப்பும்போதெல்லாம் சிட்டையை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தால்தான் எது எங்கே என்று தெரியும். சில்லு பெரிதாகப் பெரிதாக அது விழித்தெழவே நேரமாயிற்று.

அந்தக் குறையைத் தீர்த்தவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஸ்ரீபெரும்புதூரே எதிரில் வந்து நின்றது. அவர்கள் நோக்கியா கம்பெனி எஞ்சினீயர்கள். ஹங்கேரியில் உள்ள ஸெகெட் சர்வகலாசாலையோடு சேர்ந்து யூ.பி.ஐ.எப்.எஸ். என்ற முறையை எழுதினார்கள். 2008-ல் அது லினக்ஸில் சேர்ந்தது. சிட்டையோடு பேரேட்டின் அட்டவணையையும் சில்லிலேயே வைத்துக்கொள்ளும். வந்ததை உடனே எழுதாது. மனத்தில் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதும். எந்தத் தெரு அதிகம் தேய்ந்தது என்று பார்த்து, தேயாத தெருவுக்கு வேலை கொடுக்க அடியில் இன்னோர் ஏற்பாடு. அடுத்த வருஷம் வந்த என்900 என்ற போனில் அதைப் பார்க்கலாம்.

அதே சமயத்தில் இங்கே ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் திறந்த நோக்கியா தொழிற்சாலை கோடிக்கணக்கில் போன்களைக் கட்டிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் சாதாரணப் போன்கள். நம் பெண்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கட்டினார்கள். சில்லுகள் சினிமாப் பிலிம் சுருள் மாதிரி நாடாவில் சுற்றி வரும். யந்திரம் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துப் பலகையில் ஒட்டும். சுற்றுவட்டாரக் கிராமங்களில் எத்தனையோ கல்யாணங்கள் அந்தச் சம்பளத்தில் நடந்தன. பிறகு வரி வழக்கு வந்தது. 2014-ல் மைக்ரோஸாப்ட் நோக்கியாவின் போன் வியாபாரத்தை வாங்கியபோது, வழக்கில் சிக்கியிருந்த இந்தத் தொழிற்சாலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் நவம்பர் முதல் தேதி யந்திரங்கள் நின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் ஒட்டிய சில்லுக்குள் இருந்த சுவரைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள்?

என் அலமாரியில் அந்தக் காலத்துப் போன் ஒன்று கிடக்கிறது. போன வாரம் சார்ஜ் போட்டுப் பார்த்தேன். எல்லாப் பெயர்களும் அப்படியே இருந்தன. இறந்துபோன நாலு நண்பர்களின் நம்பர் உட்பட. புதுப் பெயர் சேர்த்தபோது மட்டும் எழுதியது. மற்ற நேரம் சும்மா இருந்தது. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

சும்மா இருப்பது கம்ப்யூட்டருக்குச் சுலபமல்ல. யூனிக்ஸ் பரம்பரையில் ஒரு வழக்கம்: ஒரு பைலை நீங்கள் படித்தால்கூட, 'இத்தனை மணிக்குப் படிக்கப்பட்டது' என்று ஒரு குறிப்பு எழுதிவிடும். புத்தகத்தைத் தொட்டாலே ரிஜிஸ்தரில் எழுதும் லைப்ரேரியன் மாதிரி. படிப்பதே எழுதுவதாகிவிடும்! 2009-ல்தான் லினக்ஸில் இந்தப் பழக்கத்தைப் பெரும்பாலும் அடக்கினார்கள். சின்னக் கருவி செய்கிறவர்கள் அதை முழுக்கவே நிறுத்திவிடுவார்கள் என்று மருமகன் சொன்னான்.

இந்த விவகாரம் பணக்காரர் வீட்டையும் விடவில்லை. அமெரிக்காவில் டெஸ்லா கம்பெனி 2012 முதல் 2018 வரை விற்ற கார்கள் பலவற்றில், நடுவில் இருக்கும் பெரிய திரைக்குப் பின்னால் 8 கிகாபைட் சில்லு ஒன்று இருந்தது. கார் தன் அன்றாட நடவடிக்கைகளை எல்லாம் அதில் குறித்துக்கொண்டே இருந்தது. ஆயுள் சுமார் 3,000 அழிப்பு. ஐந்தாறு வருஷத்தில் தீர்ந்தது. திரை இருண்டது. திரையோடு போயிற்று பின்பக்கக் காமிரா. கண்ணாடிப் பனியை விலக்கும் வசதியும் போயிற்று. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு இலாகா விசாரித்தது. இந்த மாதிரி உறுப்பு வண்டியின் ஆயுள் முழுவதும் உழைக்கும் என்று எதிர்பார்ப்பது பொருளாதார ரீதியில் சாத்தியமில்லை என்று கம்பெனி பதில் எழுதியது. எழுதிவிட்டு, 2021-ல் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்து, 64 கிகாபைட் சில்லு வைத்துக் கொடுத்தது.

"ஒரகடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்றேன்.

கிலோமீட்டர் கணக்கைச் சொன்னான். ஒரு லட்சம் தடவை எழுதக்கூடிய சில்லில், ஒரே இடத்தில், நூறு மீட்டருக்கு ஒரு தடவை எழுதினால் வண்டி பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் கணக்கு நின்றுவிடும். கிலோமீட்டருக்கு ஒரு தடவை எழுதினால் ஒரு லட்சம். அதுவும் போதாது, நம் ஊரில் வண்டிக்கு ஓய்வு ஏது? ஆகையால் 32 இடங்களை வட்டமாக வைத்து, முறை வைத்து எழுதுகிறார்கள். ஆயுள் 32 மடங்கு. எது கடைசி என்பதை, எண்களில் எது பெரியதோ அதை வைத்துக் கண்டுகொள்ளலாம். தூரம் குறைவதில்லை அல்லவா? இன்னொன்று, ஓடும்போது எழுதாமல் மனத்தில் வைத்திருந்து, சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தியதும் எழுதுவது. பாட்டரி திடீரென்று கழன்றால் என்ன செய்வது? பக்கத்தில் ஒரு கபாஸிடர் கொஞ்சம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகள் கிடைக்கும். கடைசி எண்ணை எழுதிவிட்டுச் சாக அது போதும்.

"எதை எழுத வேண்டாம் என்று தீர்மானிக்கத்தான் எங்களுக்கு மீட்டிங் மேல் மீட்டிங் நடக்கும், மாமா" என்றான். என் பத்திரிகை ஆசிரியர் இவனைச் சந்திக்காமலிருப்பது நல்லது.

கணக்குப் போட்ட அந்த உறையை எடுத்துக்கொண்டு மைத்துனன் வீட்டுக்குப் போனேன். அவன் இரண்டு தடவை படித்தான். "அப்படியானால் நான்தானே இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலிவு அட்டை வாங்கிப் போட்டேன்?" என்று கேட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிடித்த இரண்டு மாதப் பணத்தையும் டிரைவரிடம் திருப்பிக் கொடுத்தான். லாரி வழக்கு இன்னும் நடக்கிறது. அதில் எங்களிடம் மாடுகளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

நான்கு வேனுக்கும் இப்போது காமிராவுக்கென்றே செய்த, அதிகம் உழைக்கிற அட்டை போட்டிருக்கிறார்கள், 128 கிகாபைட்டில். இடம் பெரிதானதால் சுற்று நாலில் ஒன்றாகிவிட்டது. டிரைவர் வாரம் ஒரு முறை அட்டையை எடுத்து, நேற்றைய காட்சி இருக்கிறதா என்று தன் மகளின் போனில் போட்டுப் பார்க்கிறார். போன ஆயுத பூஜையன்று நான் போயிருந்தபோது, வண்டிகளுக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தோடு ஒரு சின்னத் தட்டில் அந்தப் பழைய அட்டையும் இருந்தது. அதன்மேல் நகத்தளவுக்கும் சிறியதாக ஒரு சந்தனப் பொட்டு.

"தூக்கிப் போட்டுடலாம்னுதாங்க இருந்தேன். பாவம், அதுவும் ராப்பகலா ஓடிச்சுங்களே" என்றார்.